மாடிவீட்டு நடிகையின் குரல்

அன்பு மகளே,

இதை நீ படிக்கும்போது உனக்குக் கல்யாணமோ, வேலையோ, வெளிநாட்டுப் படிப்போ ஏதோ ஒன்று கூடி வந்திருக்கும். எனக்கு இப்போது பதினோராம் வகுப்பு. நீ பிறக்கவே இன்னும் பல வருஷங்கள் இருக்கின்றன. இத்தனை சீக்கிரம் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் வாரப் பத்திரிகைகளில் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை ஒன்று விடாமல் படிக்கிறேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எழுதுகிறவர்கள் வயதானவர்கள். பழைய அசிங்கங்களை நன்றாக அலசி, காயவைத்து, மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்றம் போய்விடுகிறது. எனக்கு அந்த நாற்றம் போவதற்குள் எழுதிவிட வேண்டும். நானும் பெரியவள் ஆனபிறகு, "அதெல்லாம் அந்தக் காலம், விடு" என்று உன்னிடம் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அப்படிச் சொன்னால் இந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வை.

நேற்று நமு அக்காவையும் அவர் அம்மாவையும் மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். முழுப்பெயர் நமுதேபி. உகாண்டாவில் நடிகை, இயக்குநர். அம்மாவின் இதய அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் சில மாதங்கள் குடியிருந்தார். உகாண்டாவில் தெருவில் நடந்தால் டாக்ஸிக்காரர்கள் வண்டியை நிறுத்தி அவர் நடித்த பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இங்கே எங்கள் தெருவில் அவரைச் சின்னப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அக்கா வந்த அன்றே எனக்கு அவர் கதையைக் கேட்கும் ஆசை வந்துவிட்டது. புத்தகத்தில் மட்டும் பார்த்த கண்டத்திலிருந்து ஒருவர் எங்கள் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். மாலையில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்பேன். அவர் அப்பா, ஏரிக்கரை ஊர் ஒன்றில் தகரக் கொட்டகை போட்டு வீடியோவில் படம் காட்டுகிறவர். வருவது சீனப் படங்களும் இந்தியப் படங்களும். யாருக்கும் அந்த மொழிகள் தெரியாது. அதனால் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, படம் ஓட ஓட அவர்கள் மொழியில் கதை சொல்வார். அந்த ஊரில் ஒவ்வொரு கொட்டகைக்கும் அப்படி ஒரு கதைசொல்லி உண்டு. நடிகர்களைவிட அவர்களுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். கதாநாயகன் பனிமலையில் பாடினால், "பாவம், இவன் பசுமாடு தொலைந்துவிட்டது, தேடிக்கொண்டிருக்கிறான்" என்பாராம். கொட்டகையே உருளும். ஆனால் திரையில் ஒரு தாய் அழுதால் மட்டும் அவர் மைக்கை அணைத்துவிடுவார். "அதற்கு விளக்கம் வேண்டாம் என்பது அவருடைய சட்டம்" என்றார் அக்கா. அந்தக் கதைசொல்லிக்குத் தொண்டை கட்டிய நாட்களில் பெண்கள் வரும் பகல் காட்சிக்கு அக்காவே மைக் பிடித்திருக்கிறார். அப்படித்தான் அவர் சினிமாவுக்குள் வந்தது.

பிறகு நடித்தார். போலீஸ்காரியாக நடித்த ஒரு படம் பேர் வாங்கித் தந்தது. அதற்குப் பின் வந்ததெல்லாம் சூனியக்காரி வேஷமும் இரண்டாம் தார வேஷமும்தானாம். "எத்தனை முறைதான் ஒருத்தியின் கணவனைப் பிடுங்குவது? எனக்கே அலுத்துவிட்டது" என்று சிரிப்பார். ஒரு சின்னக் கேமராவை வாங்கி, சந்தையில் வாழைக்காய் விற்கும் பெண்களை வைத்துத் தானே ஒரு படம் எடுத்தார். அதைக் குறுந்தட்டில் பதிந்து, பையில் போட்டுக்கொண்டு பேருந்து பேருந்தாக ஏறி விற்றிருக்கிறார். அந்தப் படத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். மொழி புரியவில்லை. அக்கா என் காதருகில் ஆங்கிலத்தில் கதை சொன்னார். ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள்.

என் அம்மாவைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். கெட்டவள் என்று நினைத்துவிடாதே. மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள். சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் அவளுக்கு ஒரு வேஷம் நிச்சயம். அவள் மாடிக்கு ஏறுவது குறைவு, முழங்கால் வலி. எல்லாவற்றையும் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துவாள். "நமு, மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் நிரம்பினா குரல் குடு!" "நமு, என்ன பொரிக்கிற? ஜன்னலை மூடிக்கோ, வாடை கீழ வருது!" "யாரு வந்திருக்கா? உங்க ஆளுங்களா? சத்தம் போடாம பேசச் சொல்லு, அக்கம்பக்கத்துல கேக்கறாங்க!" வந்திருந்தது கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள், பேசியதும் மெதுவாகத்தான். எனக்குக் காது கூசும். அதே வாயால், "நமு, உங்கம்மாவுக்குக் கஞ்சி வெச்சிருக்கேன், உப்பு போடல, வந்து எடுத்துக்கோ!" என்றும் கத்துவாள். அந்தக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கும் தூக்குச்சட்டி மட்டும் எங்கள் பாத்திரங்களோடு சேராமல் பின்கட்டு அலமாரியில் தனியாக இருந்தது.

சர்ச்சில் இன்னும் மோசம். ஆப்பிரிக்க மிஷனுக்குக் காணிக்கை எடுக்கிற ஞாயிறன்று அக்காவும் எங்களோடு வந்திருந்தார். கிரேஸ் ஆன்ட்டி, பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவர், ஆராதனை முடிந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, செவிடர்களிடம் பேசுவதுபோல ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்க ஊர்ல ஜனங்க இயேசுவை அறிஞ்சிருக்காங்களா?" அக்கா சொன்னார்: "என் தாத்தாவின் அப்பா சர்ச்சில் உபதேசியார், ஆன்ட்டி. உங்கள் தாத்தாவின் அப்பா?" கிரேஸ் ஆன்ட்டிக்கு உடனே யாரோ கூப்பிடுவது கேட்டுவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "பெரியவங்களைப் பாத்து என்னடி இளிப்பு?"

அக்காவின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டில் தேறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஏஜென்ட் பாபு வந்தார். தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைச் சினிமாக் கும்பல் காட்சிகளுக்கு அழைத்துப்போகிறவர். மாணவிகள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பைக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு படியேறினார்.

"மேடம், ஒரு ரோல் கீது. வில்லி. போதைக் கும்பல் தலைவி. நாலு சீனு. ஹீரோகூட நேருக்கு நேர் நிக்கறீங்க."

நான் மொழிபெயர்த்தேன். அக்கா, வசனம் உண்டா என்று கேட்கச் சொன்னார்.

"டயலாக்லாம் ஒண்ணும் பேஜார் இல்லமா. ஒன், டூ, த்ரீ, ஃபோர் சொல்லிகினே மூஞ்சில எக்ஸ்பிரஷன் குடுத்தா போதும். வாய் அசைஞ்சா சரி. மீதிய டப்பிங்ல பாத்துக்குவாங்க. இங்க ஹீரோயினே அப்டித்தான் பண்ணுது."

அக்கா முதலில் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். இல்லை என்று புரிந்ததும் பாபுவின் பக்கம் திரும்பினார். "எனக்கு வசனத்தை முன்னாலேயே தரவேண்டும். நானே பேசுவேன். என் குரலைத்தான் வைக்கவேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் வருகிறேன்" என்றார். பாபு தலையைச் சொறிந்துகொண்டு போனை எடுத்துப் பேசினார். மறுமுனையில் டைரக்டர். "பேசினா வெச்சுக்கலாம், நல்லாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

முக்கியமான வசனம் ஒரே ஒரு வரி. கட்டிப்போடப்பட்ட கதாநாயகனின் தாய் அழுகிறாள். வில்லி துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சொல்கிறாள்: "உங்க அம்மா அழறாங்க. அதனாலதான் உன்னை உயிரோட விட்டுட்டுப் போறேன்." இதைப் படித்துச் சொன்னதும் அக்கா என்னை மறுபடி படிக்கச் சொன்னார். இப்படி ஒரு வரி இருக்கும் படம் கெட்ட படமாக இருக்க முடியாது என்றார். அவர் தாய்மொழியில் லகரமும் ரகரமும் இடத்துக்குத் தகுந்தபடி ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளுமாம். அதில் பழகிய நாக்குக்கு எங்கள் ர, ற, ல, ள, ழ எல்லாம் ஒரே புதர். "அலராங்க" என்பார். நான் என் வாயைத் திறந்து, நாக்கு எப்படி மடிகிறது என்று காட்டுவேன். அவர் என் முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் நாக்கை மடிப்பார். கொடியில் துணி காயப்போடும்போது, வெண்டைக்காய் நறுக்கும்போது, தன் அம்மாவுக்கு மாத்திரை எடுக்கும்போது, "அழறாங்க, அழறாங்க, அழறாங்க." தலைக்கு மேல் விமானம் போகும்போது மட்டும் நிறுத்துவார். சத்தம் ஓய்ந்தபின் தொடங்குவார். ஒலிப்பதிவு செய்து செய்து வந்த பழக்கம். ஒருநாள் காலை, பால் பாக்கெட் எடுக்க வந்த என் அப்பாவிடம் மாடியிலிருந்து, "அங்கிள், மழை வருது. வாழை இலை நனையுது!" என்று கத்தினார். எங்கள் வீட்டில் வாழைமரமே இல்லை. ஆனால் இரண்டு ழகரமும், ஐகாரமும், எல்லாமும் சரியாக இருந்தன. "ஏய், நம்ம ரேடியோக்காரங்களவிட நல்லா சொல்றாளே!" என்றார் அப்பா. எனக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது.

படப்பிடிப்பு வண்டலூரைத் தாண்டி ஒரு காலிக் குடோனில். சனிக்கிழமை என்பதால் நானும் போனேன். நான் எதிர்பார்த்துப் போனது வேறு. அங்கே முதலில் பார்த்தது மேக்கப் நாற்காலியில் அக்காவை. மேக்கப்காரர் ஸ்பாஞ்சில் ஏதோ கறுப்புப் பசையைத் தொட்டு அவர் கன்னத்தில் அப்பிக்கொண்டிருந்தார். "ஏன் சார்?" என்றேன். "டைரக்டர் இன்னும் டார்க்கா கேக்கறார் பாப்பா. ஆப்பிரிக்கான்னு ஆடியன்ஸுக்குத் தெரியணும்ல?" ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவரை ஆப்பிரிக்கர் என்று தெரியும்படி ஆக்குவதற்குப் பசை. பெட்ரோலும் கெட்டுப்போன தேங்காய் எண்ணெயும் கலந்ததுபோல அதற்கு ஒரு வாடை. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால் எனக்குக் குமட்டுகிறது. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சினிமாவைப் பற்றி நான் அவரிடம் அளந்ததெல்லாம் ஞாபகம் வந்து, நான் தரையைப் பார்த்தேன்.

பக்கத்துச் செட்டில் மும்பையிலிருந்து வந்த கதாநாயகி, கண்ணீர் வழிய, நெஞ்சில் கை வைத்து, "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்!" என்று கதறிக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் முறை வந்தது. அவர் துப்பாக்கியை இறக்கினார். கதாநாயகனின் தாயாக நடித்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். "உங்க அம்மா அழறாங்க. அதனாலதான் உன்னை உயிரோட விட்டுட்டுப் போறேன்." மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த லைட்மேன் ஒருவர்தான் முதலில் கை தட்டினார். ஹீரோ, "சூப்பர் மேடம்" என்றார். டைரக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்த அம்மாள் அக்காவின் தாடையைத் தொட்டு, "எங்க வூட்டுப் பொண்ணாட்டம் பேசுதே" என்று சொல்லி, விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

படம் வெளியானபோது குரோம்பேட்டையில் பகல் காட்சிக்குக் குடும்பத்தோடு போனோம். அக்காவின் அம்மா வெளியே வந்த முதல் பயணம் அது. சிவப்புப் பூப்போட்ட உடையில், கையில் விசிறியோடு, நமு அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பக்கம் என் அம்மா, அவளுக்கு அப்பால் அப்பா. கிரேஸ் ஆன்ட்டியும் இன்னும் சில சர்ச் ஆட்களும் பின் வரிசையில். "நம்ம நமு வர்ற படம்" என்று அம்மாதான் எல்லோரிடமும் சொல்லி அழைத்து வந்திருந்தாள்.

அந்தக் காட்சி வந்தது. அக்காவின் முகம் திரை முழுக்க. வாய் திறந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலான கரகரப்பில், "ஜிங்கா புங்கா! ஹோ ஹோ! ஜாங்கோ ஜாங்கோ புக்கா!" என்று உறுமல் கேட்டது.

எந்த மொழியும் இல்லை அது. ஹீரோ, "ஏய், வாய்ல இன்னாடி கொழுக்கட்டையா?" என்றான். தியேட்டர் வெடித்துச் சிரித்தது. விசில். யாரோ பாப்கார்ன் பெட்டியை மேலே எறிந்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உதடுகள் என்ன சொல்கின்றன என்பது அந்த அரங்கில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "அழறாங்க" என்ற இடத்தில், அவ்வளவு பெரிய திரையில், அக்காவின் நாக்கு மேலே மடிவதை நான் பார்த்தேன். சுத்தமான ழகரம். அதன்மேல் அந்தப் "புக்கா."

பக்கத்தில் ஒரு சத்தம். என் அம்மாவின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மூக்கில் "ஹ்ம்" என்று தொடங்கும், அடக்கப் பார்ப்பாள், உடைந்துவிடும், பிறகு தொடையில் ஓர் அடி. அந்தத் தொடையடியும் கேட்டது. கண்ணில் நீர் வர, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரித்தார். கிரேஸ் ஆன்ட்டி பின்னாலிருந்து, "ஐயோ, நமு, என்னம்மா இது!" என்று அக்காவின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் கையில் இருந்த பாப்கார்னின் வெண்ணெய் வாடை, ஏசியின் வாடை, அம்மாவின் கைக்குட்டையில் இருந்த பவுடர் வாடை, எல்லாம் சேர்ந்து அந்த மேக்கப் பசையின் வாடையாக மாறிவிட்டது.

நமு அக்கா அசையவில்லை. அவர் அம்மா ஏதோ கேட்டார். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருப்பார். அக்கா அவர் காதருகில் குனிந்தார். திரையைப் பார்த்துக்கொண்டே, தன் ஊர்க் கொட்டகையில் மைக் பிடித்ததுபோல, அந்த வரியைத் தங்கள் மொழியில் மெல்லச் சொன்னார். அந்தக் கிழவி விசிறியை மடியில் வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கை தட்டினார். அந்தத் தியேட்டரில் அந்த வசனத்தைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வெளியே பாபு காத்திருந்தார். "மேடம், செம்ம ரெஸ்பான்ஸ்! எல்லா ஊர்லயும் உங்க சீனுக்குத்தான் விசிலாம்!" நான் கத்தினேன். அக்காவின் குரலை வைப்பதாகத்தானே சொன்னீர்கள்? "வெச்சுதான் பாத்தாங்க பாப்பா. ரொம்ப மரியாதையா கீதாம். கேட்டா அழுகை வருது, பயம் வரலைன்னுட்டாங்க. வில்லிக்கு அது செட்டாவாதில்ல?" பாவம், அவர் கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். அழுகை வந்ததாம். அதனால் எடுத்துவிட்டார்களாம்.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. "சினிமாதானேடி, அதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு" என்றாள் அம்மா. ஒருமுறை டிவியில் ஏதோ ஓர் இந்திப் படத்தில், தமிழனாக வந்த, நெற்றி முழுக்கப் பட்டை போட்ட ஒருவன், "ஐயோ ஐயோ ஜீ" என்று குதித்தபோது, "நம்மள எவ்ளோ கேவலமா காட்றான் பாரு" என்று அப்பா ரிமோட்டைச் சோபாவில் வீசினாரே, அதை ஞாபகப்படுத்தினேன். "அது வேற" என்றார் அப்பா. எப்படி வேறு என்று கேட்டேன். "வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. போய்ப் படி" என்றார். மகளே, இந்த "அது வேற" என்பதை உன் வாழ்நாளில் நிறையக் கேட்பாய். எப்படி வேறு என்று கேள். பதில் வராது. இருந்தாலும் கேள்.

மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் அக்காவுக்குப் பெயர் ஜிங்கா புங்கா. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்று கத்திவிட்டு ஓடின. பால்கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு, "ஒருவாட்டி சொல்லிக் காமிங்க மேடம், குழந்தைக்கு" என்றார். அவர் குழந்தை கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து ஆவலோடு பார்த்தது. அக்கா அந்தக் குழந்தையிடம், "மழை வருது" என்றார். குழந்தைக்கு ஏமாற்றமாகிவிட்டது.

ஊருக்குப் போகும் வாரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார், எங்கள் மாடியிலேயே, தன் சின்னக் கேமராவில். வெளியூரில் அம்மாவின் உடம்பு தேறக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. அதில் வீட்டுக்காரம்மா ஒருத்தி உண்டு. அவள் முகம் வராது. கீழேயிருந்து படிக்கட்டு வழியாக ஏறிவரும் குரல் மட்டும்தான். வசனங்களைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மோட்டார், வாடை, உங்க ஆளுங்களா, கஞ்சி. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தார். "இன்னும் மோசமாக எழுதட்டுமா?" என்று கேட்டேன். நிஜமாகவே ஆசையாக இருந்தது. "வேண்டாம். அவர் சொன்னபடியே" என்றார். "உங்கள் ஊர்க் கம்பாலாவில் யாருக்கும் தமிழ் தெரியாது அக்கா. எது எழுதினாலும் ஒன்றுதான்." அவர் என்னைப் பார்த்தார். "இங்கேயும் யாருக்கும் என் மொழி தெரியாது" என்றார்.

பிறகு கீழே இறங்கிப்போய் அம்மாவிடம், "ஆன்ட்டி, என் படத்தில் குரல் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குரல் மட்டும்தான் என்று சொல்லியும் தலைவாரி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து படிக்கட்டின் அடியில் நின்றாள். அக்கா மேல்படியில் ஒலிப்பதிவுக் கருவியோடு. நான் நடுப்படியில் காகிதத்தோடு. அம்மா முதல் வரியைக் கிறிஸ்துமஸ் நாடகக் குரலில் இழுத்துச் சொன்னாள். "எப்பவும்போல ஆன்ட்டி" என்றார் அக்கா. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. "உங்க ஆளுங்களா" வந்ததும் அம்மா நிறுத்தினாள்.

"இதெல்லாம் நான் சொன்னதுதானே?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்படியேவா?"

"அப்படியே."

அம்மா காகிதத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கஞ்சி குடுத்தேனே, அது இருக்கா?"

"அடுத்த வரி அதுதான், ஆன்ட்டி."

அதையும் சொன்னாள். பின்கட்டுத் தூக்குச்சட்டியும் படத்தில் வருமா என்று அவள் கேட்கவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் என்றார் அக்கா. மேலே அந்தப் பெண் தன் தாய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே டிவியில் அவள் நடித்த படம். வீட்டுக்காரம்மா சிரிக்கவேண்டும். "அன்றைக்குத் தியேட்டரில் சிரித்தீர்களே, அதுபோல."

அம்மா பட்டுப்புடவையின் தலைப்பைச் சரிசெய்தாள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் தாழப் பறந்தது. அக்கா கையை உயர்த்தினார். மூவரும் காத்திருந்தோம். சத்தம் தேய்ந்து தேய்ந்து, பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்கிற அளவுக்கு ஓய்ந்தது. அக்கா கையை இறக்கினார். சிரிக்கமாட்டாள் என்று நினைத்தேன். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், எல்லாம் நல்லபடி முடியும் என்று, படித்த புத்தகங்களை வைத்து நினைத்தேன்.

அம்மா சிரித்தாள். மூக்கில் "ஹ்ம்." அடக்கல். உடைப்பு. தொடையில் ஓர் அடி. இம்மி குறையாமல் அதே சிரிப்பு. உள்ளேயிருந்து அப்பா, "என்ன ஜோக்கு, எங்கிட்டயும் சொல்லுங்க" என்று எட்டிப்பார்த்தார். அம்மா தலையை நிமிர்த்தி, "சரியா வந்துச்சா நமு?" என்று கேட்டாள். "சரியாக வந்தது, ஆன்ட்டி" என்றார் அக்கா. எனக்கு அந்தப் படிக்கட்டில் நிற்கவே அருவருப்பாக இருந்தது. காகிதத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

அம்மா பின்கட்டுக்கு வந்தபோது நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "சீ" என்றேன், திரும்பாமலே. அம்மாவை அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் துவைக்கிற கல்லில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்தாள்.

"சொல்லிக்கோ" என்றாள். "எனக்கு மட்டும் என்ன, இனிச்சுதா? சாரி சொல்லச் சொல்லியிருந்தா மேல ஏறிப் போயே சொல்லியிருப்பேன். முழங்கால் வலியோட. அது ஈஸிடி. அவ அதைக் கேக்கல. சிரிப்பைத்தான் கேட்டா. அவகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணக் குடுத்தாங்க இல்ல, அந்தப் படத்துக்காரங்க? நானும் அரைகுறையா எதையாவது குடுத்து அனுப்பணுமா?"

அவளை மன்னித்துவிட்டேனா என்றால், இல்லை. தூக்குச்சட்டி இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. அவள் நல்லவளா கெட்டவளா என்று உனக்குத் தீர்த்துச் சொல்ல எனக்கு வயது போதாது. உனக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான்.

அக்காவின் படம் ஒருநாள் வரும். எங்கேயாவது, ஏதாவது திரையில் நீ அதைப் பார்ப்பாய். அதில் ஒரு பெண் தன் தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். படிக்கட்டு வழியாக ஒரு சிரிப்பு ஏறிவரும். உன்னோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது யார் என்று தெரியாது. உனக்குத் தெரியும், அது உன் வீட்டுச் சிரிப்பு. ஒருவேளை அந்த நேரம் நானே உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ரிமோட்டைத் தேடுவேன், "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்பேன். என் கையில் ரிமோட்டைக் கொடுக்காதே. சத்தத்தைக் குறைக்காதே.

உன் அம்மா